வெள்ளைத்தாய் கோத்த ஜோடி மாலை

கோவில்பட்டியில் கண்ணாடி மணிக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெள்ளைத்தாய் அதைக் கையால் தொடமாட்டாள். "வழுவழுன்னு இருந்தா அது மணியா? விரலுக்கு நாலு இடத்துல தட்டணும்" என்பது அவளுடைய கலைக்கொள்கை. கண்மாய் மண்ணை உருட்டி, துளை போட்டு, சுட்டு, மணிகளைத் தானே செய்துகொள்வாள். நிறத்துக்கு மட்டும் அவள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசை நம்பியிருந்தாள். குச்சியின் தலையை முக்கி எடுக்கும் சிவப்பு மருந்து, கொஞ்சம் கொஞ்சமாக, அவளுடைய தூக்குவாளியில் வீடு வந்து சேரும். அந்தச் சிவப்பை எந்தச் சாயக்கடையும் தந்ததில்லை.

தொண்ணூற்றேழு கோடையில் முதலாளி கார்த்திகேசன் மகள் சுதாராணிக்கு நிச்சயம் வைத்தார்கள். "பொண்ணுக்கு ஒன்னு, விளாத்திகுளத்து மாப்பிள்ளையோட அக்காவுக்கு ஒன்னு. ஒரே மாதிரி கோத்துத் தா" என்று முதலாளியம்மா கேட்டுவிட்டாள். சிவப்பு மட்டும் இருந்தால் பட்டுச்சேலைக்கு எடுக்குமா? வெள்ளைத்தாய் யோசித்து, பெட்டியின் பக்கத்தில் தடவுகிற காப்பிப்பொடி நிற மருந்தையும் தூக்குவாளியில் ஏற்றினாள். சொரசொரப்பான காப்பி நிற மணி ஒன்று, அதை ஒட்டிச் சிவப்பு ஒன்று. கோத்து முடித்தபோது அவளாலேயே கண்ணை எடுக்க முடியவில்லை. முதலாளியம்மா ஒன்றை மகளுக்கு வைத்துக்கொண்டு, மற்றதை முன்கூட்டியே விளாத்திகுளத்துக்கு அனுப்பிவிட்டாள்.

அந்த இரண்டு மருந்தையும் ஆபீசில் ஒரே கூரைக்குக் கீழே வைப்பதில்லை. சிவப்பு வடக்குக் கொட்டகையில், முதலாளி பொறுப்பு. மற்றது தெற்குக் கொட்டகையில், அவர் தம்பி பொறுப்பு. அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை இல்லாததால்தான் இந்த ஏற்பாடு என்று வெள்ளைத்தாய் வெகுகாலமாக நம்பியிருந்தாள். உரசினால் பற்றும் என்று தெரியாதவள் இல்லை. அது குச்சிக்கும் பெட்டிக்கும் உள்ள சமாச்சாரம், மணிக்கு என்ன வந்தது என்று இருந்துவிட்டாள்.

நிச்சயத்தன்று காலை மீந்த மணிகளைப் பவுடர் டப்பாவில் அள்ளிப்போட்டு, பரணில் வைக்கத் தூக்கினாள். டப்பா கலகலத்தது. பிறகு சர்ரென்றது. மூடி தெறித்ததில் ஒரு புருவம் போயிற்று. மிச்சமிருந்த புருவத்தோடு ஆட்டோ பிடித்தாள்.

முதலாளி வீட்டுக் கூடத்தில் சுதாராணி மஞ்சள் பட்டும் மணிமாலையுமாக உட்கார்ந்திருந்தாள். "என்னக்கா, புருவத்தை எங்கன அடகு வச்சிட்டு வாரீங்க?" என்று சிரித்தாள். சிரிப்புக்குத் தக்கபடி மணிகள் ஒன்றோடொன்று தேய்ந்தன.

"சிரிக்காத தாயி. கழுத்தை அசைக்காத."

"நிச்சயத்தன்னிக்குச் சிரிக்காம? நல்லா இருக்கே."

உண்மையைச் சொன்னால் தூக்குவாளியின் வரலாறும் கூடவே வெளியே வரும். முதலாளி இரண்டெட்டு தள்ளித்தான் நின்றார்.

"அவிய வந்து சம்மதமான்னு கேட்டா எப்படித் தலையாட்டுவ? ஒருக்க ஆட்டிக் காட்டு" என்றாள் முதலாளியம்மா.

சுதாராணி மோவாயை உயர்த்தினாள். வெள்ளைத்தாய் மூலையிலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அவள் கழுத்தில் கவிழ்த்தாள்.

சிவப்பு கரைந்து மஞ்சள் பட்டில் இறங்கியது. கழுத்தறுத்த மாதிரி இருந்தது. கார்த்திகேசன் ஒரு சொட்டை விரலில் எடுத்து மோந்தார். அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நம்ம ஆபீசு மருந்து" என்றார் மெதுவாக. அடுத்த மணியைத் தடவினார். "ரெண்டுமா? இன்னொரு மாலை எங்க?"

வாசலில் விளாத்திகுளத்து வேன் குலுங்கி நின்றது. மாப்பிள்ளையின் அக்காதான் முதலில் இறங்கினாள். கழுத்தில் மாலை பளிச்சென்று தெரிந்தது. அவளை வரவேற்க ஆரத்தித் தட்டில் சூடம் ஏற்றியாகிவிட்டது.

வெள்ளைத்தாய் குடத்தோடு ஓடினாள். குடம் காலி.