முகுந்தனின் சொந்தப் படம்

பையன்னூர்ப் பக்கம் கர்க்கடக மாதத்து மழை பிடித்துவிட்டால் ஆட்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்துவிடுவார்கள். அந்த மாதத்தின் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வாசகசாலை மாடியில் திரைப்படச் சங்கத்தார் 'சொந்தப் படம்' போடுவது. சங்கத்தில் இருக்கும் ஒருவர், தன் ஆயுளில் பார்த்ததிலேயே மனசுக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். படம் தொடங்கும் முன் திரைக்கு முன்னால் நின்று ஏன் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார வேண்டும். பிடிக்காதவர்கள் திரும்பி முறைப்பதற்கு அதுதான் வசதி. ஒருவருக்கு ஒரு தடவைதான். பிற்பாடு மாற்றிச் சொல்ல முடியாது. பேக்கரி வைத்திருக்கும் ஹம்சா இளம் வயதில் ஏதோ ஒரு குதிரைச் சண்டைப் படத்தைச் சொல்லப்போய், தலை நரைத்த பிறகும் 'குதிரை ஹம்சா'வாகவே இருக்கிறார்.

முகுந்தன் மட்டும் இதிலிருந்து நழுவிக்கொண்டே வந்தான். மின்வாரியத்தில் லைன்மேன் வேலை பார்த்தவன். அது போக மீதி நேரமெல்லாம் சங்கத்துக்கு. பஸ்ஸில் வரும் பிலிம் பெட்டிகளை இறக்கித் தோளில் சுமந்து வருவதும், புரொஜெக்டரில் பிலிம் கோத்து ஓட்டுவதும், திரைத்துணியைத் துவைத்துக் காயப்போடுவதும் அவன்தான். மடிப்பு விழாமல் அந்தத் துணியைச் சுருட்டத் தெரிந்தவர் அந்த ஊரில் இரண்டே பேர். ஒன்று அவன், மற்றது, அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த அவன் அக்கா சௌதாமினி.

"எல்லாப் படமும் எனக்குச் சொந்தந்தான்டா, முதுகுவலியோட சேத்து" என்று சொல்லி ஒவ்வொரு வருஷமும் தப்பித்தான்.

இந்த வருஷம் அவனாகவே கேட்டான். ஹம்சாவின் பேக்கரியில் சாயங்கால டீ. சங்குண்ணி மாஷும் இருந்தார். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், சங்கத்தின் பழைய தலைவர். சௌதாமினி தம்பியின் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள். சர்க்கரை அவன் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் மட்டும் வெளிச்சமும் நிழலும் தெரியும். அடுத்த மழைக்கு அதுவும் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவ என் படம்" என்றான்.

ஹம்சா டீ ஆற்றுவதை நிறுத்தினார். "அல்லா! கண்ணு போற நேரத்துலயா உனக்குப் படம் புடிக்குது?"

"உன் குதிரையப் பாத்துத்தான்டா போச்சு."

"எந்தப் படம் முகுந்தா?" மாஷ் முன்னால் குனிந்தார்.

"கடத்துப் படம்."

வெளிநாட்டுப் படம். வாயில் நுழையாத பேர் என்பதால் ஊரில் அதற்கு அதுதான் பேர்; கடத்து என்றால் அங்கே படகுத்துறை. ஆற்றங்கரையில் தனியாக இருக்கும் ஒரு படகுக்காரன். ஒரு பெண் அவனை விட்டு அக்கரைக்குப் போகிறாள். அவன் காத்துக் கிடக்கிறான். கடைசியில் அதே படகில் அவள் வருகிறாள், இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. மாஷுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் படத்தைப் பற்றி அவர் சங்கத்துப் பத்திரிகையில் நாலு பக்கம் எழுதியிருந்தார்.

 அவன் ஏன் அதைச் சொன்னான் என்று சௌதாமினிக்குத் தெரியும். மூன்று பெட்டியில் வந்த படம் அது. சங்கத்தில் அப்போது ஒரே புரொஜெக்டர். ஒரு பெட்டி முடிந்தால் விளக்கைப் போட்டுத்தான் அடுத்ததைக் கோக்க வேண்டும். புரொஜெக்டர் பக்கத்தில் இருந்த ஒரே காலி நாற்காலியில் ரமணி என்றொரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் மஸ்கட்டுக்குப் போக வேண்டியவள். போகப் பயந்து அழுது தீர்த்துவிட்டு, தோழி இழுத்து வந்ததால் வந்தவள். இரண்டாவது தடவை விளக்கு எரிந்தபோது, "அவ திரும்பி வருவாளா?" என்று முகுந்தனிடம் கேட்டாள். "எனக்கென்ன தெரியும்? பெட்டிய தொறந்தாத்தான் தெரியும்" என்றான். படம் முடிந்ததும், "பாத்தீங்களா, வந்துட்டா" என்று ஏதோ தானே கரை சேர்ந்தது போலச் சொன்னாள். அந்தத் தைரியத்தில் விமானம் ஏறினாள். நாலு வருஷம் கழித்து வந்து அவனையே கட்டிக்கொண்டாள்.

படத்தில் அந்தப் பெண் ஏன் திரும்பி வந்தாள் என்பதில் புருஷன் பெண்சாதிக்குள் ஒரு தீராத வழக்கு. "அவன நெனச்சுத்தான்" என்பான் இவன். "போ! அக்கரையில சோறு வாய்க்கு வௌங்கல, அதான்" என்பாள் ரமணி. குழந்தை இல்லாத வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லாமல் வைத்திருந்தது அந்த வழக்குதான். அவள் நுரையீரல் நோயில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் சௌதாமினி தன் மகன் வீட்டை விட்டு இங்கே வந்தாள்.

படத்தைத் தேடிக் கண்டுபிடித்தது இப்போதைய செயலாளர் ஷைனி, கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவள். இப்போது பெட்டியும் இல்லை, பிலிமும் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில். சனிக்கிழமை மத்தியானம் ஓட்டிப் பார்க்கலாம் என்று கூப்பிட்டாள். வாசகசாலை மாடியில் ஐந்து பேர் மட்டும். முகுந்தன் நாற்காலியைத் திரைக்கு வெகு அருகில் போட்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டான். அப்படி வைத்தால் கொஞ்சம் தெரியும்.

படகுக்காரனின் தனிமை வந்தது. ஆறு வந்தது. அப்புறம் படகில் வெள்ளை முக்காடு போட்ட ஒரு பெண் வந்து இறங்கினாள்.

"ஷைனி, நிறுத்து" என்றான். "ஆளு வந்துட்டா. இது கடைசியில வரணும். உன் மெஷின் மாத்திப் போடுது."

"இல்ல முகுந்தேட்டா, இது ஒரே பைல். மாறாது."

"அப்ப ஓடட்டும்."

இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு கோடை கழிந்தது. பிறகு அவள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு படகேறி அக்கரைக்குப் போனாள். படகுக்காரன் காத்திருந்தான். மழை பெய்தது. வேறொரு ஆள் படகை ஓட்டிக்கொண்டு வந்தான். அதில் வேறு யாரும் இல்லை. ஆறு மட்டும் வெகு நேரம் ஓடியது. அப்புறம் திரையில் அந்த நாட்டு எழுத்தில் ஒரே ஒரு சொல்.

"இதுதான் அந்தச் சொல்!" மாஷ் எழுந்துவிட்டார். "அன்னிக்கு நடுவுல வந்துச்சே. நான்கூட, அடுத்த பகுதியோட தலைப்புன்னு..."

"முடிஞ்சுதுன்னு அர்த்தம் மாஷே" என்றாள் ஷைனி மெதுவாக.

 எல்லாருக்கும் ஒன்றாகத்தான் விளங்கியது. இதற்கு முன் எந்த ஊரில் ஓட்டினார்களோ, அவர்கள் பிலிமைச் சுற்றித் திருப்பி வைக்கும்போது இரண்டாவதை மூன்றாவதன் பெட்டியிலும், மூன்றாவதை இரண்டாவதன் பெட்டியிலும் வைத்துவிட்டார்கள். இங்கே பெட்டியின் மேலிருந்த எண்ணைப் பார்த்துக் கோத்தார்கள். ஊரே அந்த வரிசையில் பார்த்துக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறது.

ஹம்சாவால் சும்மா இருக்க முடியவில்லை. "மாஷே, உங்க கட்டுரைக்கு என்ன தலைப்பு? 'காலத்தைத் தலைகீழாக்கிய கலைஞன்'தானே? அந்தக் கலைஞன் முந்தின ஊர்க்காரன்! அட்ரஸ் கெடச்சா ஒரு பொன்னாடை போத்தலாம்."

மாஷ் கோபித்துக்கொள்ளவில்லை. முகுந்தனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் திரைப்பக்கமிருந்து முகத்தைத் திருப்பவேயில்லை.

"ஷைனி, நீ இத வெட்டி, நாங்க பாத்த மாதிரி மாத்தி வெக்க முடியுமா?" என்று கேட்டார் மாஷ். படத்தில் ஒரு நிமிஷத்தை வெட்டினார்கள் என்பதற்காக ஒரு காலத்தில் தியேட்டர்காரனோடு மல்லுக்கு நின்றவர் அவர்.

"அது சுலபம் மாஷே. முகுந்தேட்டன் சொல்லட்டும்."

முகுந்தன் எழுந்து அக்காவின் கையைத் தேடினான். "ஏச்சி, வீட்டுக்குப் போலாம்" என்றான்.

ராத்திரிக் கஞ்சியில் கை வைத்தவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். சௌதாமினி பயறு எடுத்து வைத்தாள், பப்படம் நொறுக்கிப் போட்டாள். கடைசியில் அவளே பேச்செடுத்தாள்.

"நீ பாத்தபடியே போடச் சொல்லுடா. யாருக்கு என்ன நஷ்டம்? இல்லாட்டி வேற படம் சொல்லு."

"வராதவளுக்காக முப்பது வருஷம் சண்ட போட்டிருக்கோம் ஏச்சி, நானும் ரமணியும்." சிரிக்கத்தான் பார்த்தான். "அவ மஸ்கட்டுல இருந்த நாலு வருஷமும் எனக்குப் பயமே இல்ல. எல்லாரும் கேப்பாங்க, அவ வருவான்னு எப்படிடா நம்புறேன்னு. நான் படத்துல பாத்துட்டேனே."

"வந்தாள்ல?"

"அப்ப வந்தா."

சௌதாமினி தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "அப்ப அந்த மாதிரியே இருக்கட்டும். உன் கூட்டாளிங்களும் அதத்தானே பாத்தாங்க. எதுக்குடா இப்ப போய் இத எடுத்து அவங்க முன்னால போடணும்?"

"அவ போனதுக்கப்புறம் நான் எத்தன படத்துக்குப் போய் உக்காந்தேன், நீயே கூட்டிட்டுப் போனியே. எதுலயும் நான் இல்ல ஏச்சி. எல்லாம் யாரோ யாருக்கோ நடக்கறதா இருந்துச்சு. இன்னிக்கு அந்தக் காலிப் படகு வந்துச்சு பாரு, அதுல இருந்தேன். எடுத்தவன் அதத்தான் எடுத்து வெச்சிருக்கான். நாங்கதான் பாக்காம இருந்துட்டோம்."

 தம்பி சொல்வது சரிதான் என்று அவளுக்குப் பட்டது. சரியாக இருப்பதுதான் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்திருந்தது. ஈரக் குடைகள் படியெல்லாம் கிடந்தன. முகுந்தன் இஸ்திரி போட்ட வேட்டியில் திரைக்கு முன்னால் போய் நின்றான். சௌதாமினிதான் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நகர்ந்தாள். இத்தனை வருஷம் விளக்கணைத்த பிறகே வேலை பார்த்தவன், வெளிச்சத்தில் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.  என்ன அழகாக நிற்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

"இந்தப் படத்த ரெண்டு தடவ பாத்திருக்கேன்" என்றான். "மொத தடவ அவ வந்தா. நேத்து வரல. நேத்து பாத்ததுதான் நெஜப் படமாம். அதத்தான் போடச் சொல்லியிருக்கேன். இத புடிக்கும்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஆனா என் படம் இதுதான். மொறைக்கிறவங்க மொறைங்க, எனக்குத் தெரியப்போறதில்ல."

லேசாகச் சிரிப்பு எழுந்து அடங்கியது. அவன் கடைசி வரிசைக்கு வந்தான். அங்கிருந்து அவனுக்குத் திரை ஒரு வெளுப்பு, அவ்வளவே. முன்னால் போய் உட்காரு என்று மாஷ் சொல்லியும் கேட்கவில்லை.

"நீ சொல்லு ஏச்சி."

விளக்கு அணைந்தது. சௌதாமினி அவன் காதுப்பக்கம் குனிந்து, தெரிந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். அவ வந்துட்டா, நீலப் பாவாடை. உப்புப் போடுறா. துணி காயப் போடுறா. சிரிக்கிறா. இப்ப முக்காடு போடுறா. ஏறிட்டா. திரும்பிப் பாக்கல. முன் வரிசைகளில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஹம்சா துண்டால் முகத்தைத் துடைத்ததும் தெரிந்தது. அதை அவள் சொல்லவில்லை.

மழை வந்தது. அக்கரையிலிருந்து படகு கிளம்பியது. சௌதாமினியின் பேச்சு தானாக நின்றது. வந்துட்டாடா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனுக்குக் கண் தெரியாது. ஒரு வார்த்தைதான். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

முகுந்தன் அவள் கையைப் பிடித்தான். "படகு வருதா?"

"வருது."

"ஆள் இருக்கா?"

அவள் திரையை நன்றாகப் பார்த்தாள். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்பது போல மறுபடியும் பார்த்தாள்.

"ஓட்டுறவனத் தவிர யாரும் இல்லடா."

அவன் பிடி இறுகியது. 

"இப்ப என்ன காட்டுறான்?"

"ஆறுதான். தண்ணி போயிட்டிருக்கு."

"எப்படிப் போகுது?"

"கலங்கித்தான் போகுது. மழைத் தண்ணில்ல. நடுவுல ஒரு சுழி இருக்கு. ஓரத்துல நாணல் சாஞ்சு கெடக்கு" என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவன் முகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டான்.