ஹெல்மெட் போட்டு வண்டி தள்ளியவர்

எங்கள் பல்கலைக்கழகத்தின் சாலை ஆய்வுக்காகச் சூளகிரிக்குப் போனபோது ஊர்க்காரர்களுக்குப் பயிற்சியும் நடத்தினோம். யூ-டர்ன் தூரம் என்பதால் நெடுஞ்சாலையில் அங்கே பலரும் எதிர்த்திசையிலேயே வண்டி ஓட்டுவார்கள். அதன் ஆபத்தை ஊருக்கு எடுத்துச் சொல்ல, பயிற்சிக்கு வந்த கொத்தமல்லி விவசாயி ஒருவர் தானாகவே முன்வந்தார். நெடுநெடுவென்ற உருவம், வெற்றிலைக் காவியேறிய பல்.

சில மாதம் கழித்து அவரைச் சாலையோரத்தில் பார்த்தேன். கொத்தமல்லி மூட்டை கட்டிய மொபெட்டை எதிர்த்திசையில் மண்ணோரமாக, வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்தார். தலையில் ஹெல்மெட்.

"ஏங்க தள்றீங்க?" என்றேன்.

"யூ-டர்ன் சுத்திப் போனா சந்தைக்கு லேட்டாயிடும் சார். இப்படியே ஓட்டிக்கிட்டுப் போனா, அப்புறம் எவன் எம்பேச்சக் கேப்பான்?"

"சரி, தள்றதுக்கு எதுக்கு ஹெல்மெட்?"

நெஞ்சை நிமிர்த்தினார். "கழட்டிட்டா, பாவம், பெட்ரோல் தீந்துபோச்சுன்னு நெனச்சுக்குவாங்க சார். போட்டிருந்தாத்தான் வேணும்னே தள்றான்னு தெரியும்."

எங்கள் பயிற்சியால் என்ன நடந்தது என்று யார் கேட்டாலும், நான் அவரைத்தான் சொல்கிறேன். சாலையோரம் யாராவது வண்டி தள்ளிப் போனால், இப்போதெல்லாம் என் கண் முதலில் தலைக்குத்தான் போகிறது.