அட்டை கோத்த பாட்டு

சென்னை கேசட் கம்பெனிக்காரர் என் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, "இத யார் சார் கடைசி வரைக்கும் கேப்பாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் ஐந்து பாட்டும் நானே எழுதி, மெட்டமைத்து, துணிந்து பாடவும் செய்தவை. நியாயம் பார்க்கும் நிலையில் நான் இல்லை. இணையத்தில் நானே வெளியிட்டுவிடுவதென்று முடிவெடுத்தேன். கடைசி வரை கேட்க ஒரே ஓர் ஆள் கிடைத்தால் போதும்.

வீட்டுக்கு வீடு தறி ஓடும் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒலிப்பதிவுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் வாய்க்கும். அமாவாசையன்று தறி ஓடாது. மற்ற நாட்களில் எட்டு வீட்டுத் தறிகள் என் பாட்டுக்குத் தாளம் போடும், அவரவர் தாளம். ஐந்து அமாவாசையில் பதிவு முடிந்தது. இணையத்தில் ஏற்றுவதுதான் முடியவில்லை. டெலிபோன் வழி இணைப்பு பத்து நிமிடத்தில் அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் கம்ப்யூட்டரைத் திட்டுவது கேட்டு, பக்கத்து வீட்டு நெசவுக்கார அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாபா நீ, மொத்தத்தையும் ஒரே மூட்டையா தூக்கினு போறியா? என் தறிக்கு மேல வந்து பாரு. பார்டர் டிசைனு ஒரே அட்டையிலயா இருக்குது? துண்டு துண்டா ஓட்ட போட்டு, நூல்ல கோத்துதான் உடுறோம்."

நிரல் எழுதக் கற்றுத்தரும் இரண்டு புத்தகங்களோடு மூன்று மாதம் முட்டி மோதினேன். பாட்டை நறுக்க ஒரு நிரல், துண்டுகளை ஒவ்வொன்றாக ஏற்ற ஒன்று, கேட்பவருக்கு அவற்றை வரிசையாகக் கோத்து வாசிக்க இன்னொன்று. எல்லாம் அண்ணனின் தறிக்கு மேலே, எந்த இழை எழும்ப வேண்டும் என்று ஓட்டைகளால் சொல்லும் அட்டைச் சரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தது. அதில் கடைசி அட்டையை முதல் அட்டையோடு கட்டியிருப்பார்கள். நானும் பயபக்தியோடு அப்படியே கட்டினேன்.

பாட்டுகள் ஏறின. இரண்டு வாரம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி கோயம்புத்தூரிலிருந்து மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்: "சமைத்துக்கொண்டே கேட்டேன், நன்றாக இருந்தது. ஆறு முறை பாடியும் முடியவில்லை. எப்படி நிறுத்துவது?"

அண்ணனிடம் படித்துக் காட்டினேன். தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"அட போப்பா! அட்டை சுத்திக்கினேதான் இருக்கும். சேலை நீளம் வந்தா நிறுத்தறது நானு. உன் பாட்ட நிறுத்த யாரு இருக்காங்க?"

அன்றைக்கே நிரலைத் திருத்தினேன். ஓர் ஆள்தான் வேண்டும் என்றிருந்தேன். அந்த ஓர் ஆள் ஆறு முறை கேட்டிருக்கிறார், அதுவும் நானே செய்த கருவியில். அந்த மின்னஞ்சலை அச்செடுத்து இன்றும் பர்ஸில் வைத்திருக்கிறேன், கடைசி இரண்டு வரி உள்ளே போகும்படி மடித்து.