தப்பிப் பிழைத்த பதினேழு

அதியமான்கோட்டை சந்திரனுக்கு ஊரில் கம்ப்யூட்டர் வேலை என்பார்கள். உண்மையில் அவன் வேலை குப்பை கொட்டுவது. தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றின் போர் மோட்டாரைப் போனிலிருந்தே போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி. தர்மபுரியில் மாதவராஜ் என்பவரின் சின்னக் கம்பெனி அதைச் செய்கிறது. பெட்டிக்குள் ஓடும் புரோகிராமுக்குச் சந்திரன் அர்த்தமில்லாத செய்திகளை லட்சக்கணக்கில் அனுப்புவான். பாதி எண், தலைகீழ் தேதி, வெறும் புள்ளி. எது வந்தாலும் அது பாதியில் நின்று படுத்துவிடக் கூடாது. பத்து நாள் கொட்டினான். படுக்கவில்லை. மாதவராஜ் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தந்தார்.

சந்திரனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. படுக்காமல் தப்பாக ஓடினால் இந்தக் குப்பைக்குத் தெரியுமா? புரோகிராமை நாற்பது நகல் எடுத்து, நகலுக்கு ஒரு தப்பை வேண்டுமென்றே வைத்தான். எல்லாவற்றின் மேலும் அதே குப்பையைக் கொட்டினான். இருபத்து மூன்று படுத்தன. பதினேழு, ஒன்றும் நடக்காதது போல ஓடி, பாஸ் என்று வந்தன. அதில் ஒன்று, நிறுத்திய மோட்டார் கரண்ட் போய் வந்தால் தானாக ஓடக் கூடாது என்கிற வரியையே அவன் பிடுங்கிப் போட்ட நகல். வரி இருந்தாலும் பாஸ், இல்லாவிட்டாலும் பாஸ். அந்த இடத்தை யாரும் சோதிக்கவே இல்லை என்று அர்த்தம்.

விட்டுப்போனதையெல்லாம் சோதிக்க மாதவராஜிடம் ஒரு மாத அவகாசம் கேட்டான்.

"நீங்களே ஓட்டையப் போட்டுட்டு ஓட்டை இருக்குதுன்னா எப்படிங்க சந்திரன்?" என்றார் மாதவராஜ். மற்றவர்கள் சிரித்தார்கள். நிஜப் பெட்டியில் அந்த வரி இருக்கிறதே என்றார். இருக்கிறது, எந்த நேரமும் வேலை செய்யும் என்பதற்குத்தான் சாட்சி இல்லை என்றான் இவன். பாலக்கோட்டுத் தக்காளிக்காரர்கள் காத்திருக்கிறார்கள், திங்கட்கிழமை பெட்டி போகிறது, சோதித்தாயிற்று, நன்றாக இருக்கிறது என்று நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் வேறு ஆள் போடுவான் என்றார். நாற்பத்திரண்டு வயதில் வேறு வேலை யார் தருவார்கள்? போட்டான்.

ஊரில் முதல் பெட்டி வாங்கியவர் அவன் அண்ணன். நம்ம சந்திரன் பார்த்தது என்று சொல்லி இன்னும் பதினோரு பேரை வாங்க வைத்தார். அடுத்த ஞாயிறு சந்திரன் தோட்டத்துக்குப் போனபோது கரண்ட் இல்லை. கரண்ட் போகும் முன்பே போனில் மோட்டாரை நிறுத்தியிருந்த அண்ணன், போர்க் குழாயின் வாயருகே வயர் ஜாயிண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஃபியூஸைப் புடுங்கிட்டுத் தொடுண்ணா."

"அதெல்லாம் முன்னடா. இப்பத்தான் போன்ல ஆஃப்னு காட்டுதே."

சந்திரன் பதினேழைப் பற்றிச் சொன்னான். வரி பிடுங்கிய நகலைப் பற்றி, கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடி வயரில் பாயலாம் என்பதைப் பற்றிச் சொன்னான். அண்ணன் டேப்பைப் பல்லால் கிழித்தபடி கேட்டார்.

"நல்லாருக்குதுன்னு கையெழுத்துப் போட்டது நீதானே?"

"ஆமாண்ணா."

"அப்புறம் என்ன."

சந்திரன் போய் மூன்று ஃபியூஸையும் பிடுங்கினான். அண்ணன் முடிக்கும்வரை அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மற்ற பதினோரு பேர் தோட்டத்துப் போர் வயரில் அந்நேரம் யார் யார் கை வைத்திருந்தார்களோ, அவனுக்குத் தெரியவில்லை.