பள்ளிக்கூட வாசலில் நின்ற ஜீப்பு

மூன்றாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் பண்ணைப்புரத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு என் சொந்த ஜீப்பு.

பதினோராம் வகுப்புச் சேர்க்கையின் கடைசி நாளன்று, என் மகளும் அந்த ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவள் வயதுப் பெண்கள் தோட்டக் கூலியில் செல்போன் வாங்கிவிட்டு, “இன்னும் அப்பன் சோறுதானா?” என்று இவளைக் கேலி செய்திருந்தார்கள்.

“ஒனக்குப் படிக்கணுமா, வேண்டாமாத்தா?”

“படிக்கணும்ப்பா. எல்லாரும் சிரிக்கிறாக.”

“கலெக்டராவா ஆகப்போறா? வண்டிய எடுங்கண்ணே,” என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி.

எடுத்தேன். உத்தமபாளையம் பள்ளிக்கூடத்தில் போய்த்தான் நிறுத்தினேன். இடமில்லை என்றார்கள். அதைக் கேட்டதும், வண்டியை எடுக்கச் சொன்ன அந்தப் பெண்ணே இறங்கி வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

“பிள்ளையச் சேத்தாத்தான் எந்திரிப்பேன்.”

மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். இடம் கிடைத்தது. தாமதத்துக்குத் தோட்டத்துக் கங்காணியிடம் ஏச்சு வாங்கியவன் நான்தான். அடுத்த ஆண்டு அவர்கள் மகள்களையும் அங்கே இறக்கிவிட்டுத்தான் மலையேறினேன். எங்கள் பள்ளத்தாக்கில் அப்படியொரு ஜீப்பு வேறு யாரிடம் இருந்தது?