தீர்த்தம் வந்த லாரி

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கோமதித்தாயைத் தெரியாத கமிஷன் கடைக்காரர் கிடையாது. அரை ஏக்கர் பிச்சிப்பூவை வைத்தே இரண்டு பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பியவள். பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆற்றை ஒட்டி அவள் கிணறு. ஆற்றுத் தடுப்பணை உடைந்ததிலிருந்து அந்தக் கிணறு தை மாதமே தரையைக் காட்டியது. அணையைக் கட்டாவிட்டால் செடி பிழைக்காது.

செலவில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதியைத் தருகிறோம், பங்குனிக்குள் பணத்தைக் கட்டுங்கள் என்றார்கள் அதிகாரிகள். தலைக்கட்டுக்கு ஆயிரத்து ஐநூறு. அவள் தன் பேரில் பத்தாயிரத்தை முதலில் எழுதிவிட்டு, நோட்டும் கையுமாக நூற்று நாற்பது வீட்டுப் படியும் ஏறினாள்.

“கவர்மெண்டு வரி வாங்குதான்லா, அவன் கட்டட்டும்” என்றார் பென்ஷன் வாங்கும் சண்முகையா. தொள்ளாயிரம் அடிக்கு போர் போட்டிருக்கும் மருதப்பன், “எனக்கு ஆறு எதுக்குட்டி? ஒன் கிணத்துக்கு ஊர் அழணுமா?” என்றார். அந்த போருக்குத் தண்ணீர் வானத்திலிருந்து குழாய் வழியாக இறங்குகிறது என்று நினைப்பு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று வளர்ந்த கூட்டம். நான் மட்டும் என்ன யோக்கியம்? “அடுத்த மாசம் பாப்போம் மதினி” என்று கதவைச் சாத்தியவன்தான். பதினோரு வீடு கொடுத்தது. கெடு முடிந்ததும், வாங்கியதை அவள் வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தாள்.

சித்திரையில் அம்மன் கொடை, ஊர்த் திருவிழா. தலைக்கட்டுக்கு மூவாயிரம் வரி. எட்டே நாளில் நூற்று நாற்பது வீடும் கட்டிவிட்டது. வரி கட்டாதவன் வாசலில் சாமியாடி நின்று திருநீறு கொடுக்க மாட்டார். அந்த அவமானம் மட்டும் எங்களுக்குத் தாங்காது.

கொடையில் முதல் வேலை, ஆற்றிலிருந்து குடத்தில் தீர்த்தம் எடுத்து வருவது. ஆற்றிலோ கருவேல முள்ளும் பாலித்தீன் பையும்தான். கமிட்டித் தலைவர் அதே மருதப்பன், மனிதர் அசரவில்லை. மணலில் குழி தோண்டி, தார்ப்பாய் விரித்து, தண்ணீர் லாரியைக் கூப்பிட்டு நிரப்பினார். மேளமும் குலவையுமாக அந்த ஆற்றுத் தண்ணீரை மொண்டு தலையில் சுமந்து வந்தோம். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

வருஷா வருஷம் அம்மனுக்குப் பூ கோமதித்தாய் உபயம். இந்த முறை வரக் காணோம். மருதப்பன் தேடிப் போனார், நானும் கூடப் போனேன். கருகிப்போன பிச்சிச் செடிகளை வெட்டி விறகுக்குக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி, அம்மனுக்குப் பூ எங்க?”

அவள் நிமிரவில்லை. “தண்ணி லாரியில வந்துச்சுல்லா அண்ணாச்சி. பூவையும் லாரியிலயே வரச் சொல்லுங்க.”

மருதப்பனுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. நேரே கோவிலுக்குப் போய் மைக்கைப் பிடித்தார். பூவுக்குத் தலைக்கட்டுக்கு இருநூறு என்றார். அரை மணி நேரத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் வசூலாகிவிட்டது. முதல் ஆளாக நான்தான் கொடுத்தேன்.