எடை மேடைக்கு வந்த அன்புக்கரசி

அன்புக்கரசியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல இந்தச் செஞ்சியில் ஆளுக்கா பஞ்சம்? நான் வேறு சொல்ல வேண்டுமா? ஆனாலும் சொல்கிறேன். என்னளவுக்கு அவளை உற்றுப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. வயிற்றெரிச்சல் அப்படிப் பார்க்க வைத்தது.

சிங்கவரத்துக்காரி. சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தவள், மாமியாருக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் ஊரோடு வந்துவிட்டாள். தினமும் பஸ்ஸில் வருகிறாள். தோளில் ஒரு பை, அதற்குள் சாப்பாட்டு டப்பாவும் பென்டிரைவும். புதுக் கம்ப்யூட்டரில் பழைய புரோகிராம் திறக்கவில்லை என்றால் அவளுக்குத்தான் போன். மருந்துக்கடை, பல் டாக்டர், கல்யாண மண்டபம், எங்கே போனாலும் அவள் புராணம்தான். அவள் வருவதற்கு முன்னால் அந்தப் போனெல்லாம் எனக்கு வந்துகொண்டிருந்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடை என்னுடையது. கம்ப்யூட்டர் என்றால் கலைமதி என்று இருந்த ஊர், இப்போது என்னை ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்பதில்லை. எரியாதா?

சரி, ஊர் போகட்டும். என் வீட்டுக்காரர் ஒருத்தர் என்னைக் கூப்பிட்டால் எனக்குப் போதும். அவர் தாண்டவராயன், திண்டிவனம் ரோட்டில் லாரி எடை மேடை நடத்துகிறார். லாரி ஏறியதும் எடையைப் பிடித்துச் சீட்டு அடிக்கிற புரோகிராம், மேடை போட்ட காலத்தது. எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறாரோ. போன தை மாதம், நெல் வரத்து அதிகமாக இருந்த நேரத்தில், பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புதுசு வாங்கி அந்தப் புரோகிராமை ஏற்றித் திறந்தால், ஏதோ ஒரு டிஎல்எல் ஃபைல் காணவில்லை என்று திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. காலையில் கடைக்குப் போகிற வழியில் நான் அங்கே எட்டிப் பார்த்த நேரம் அது.

"இன்னா பண்ணீங்க? எதையாவது அழிச்சிட்டீங்களா?" என்றேன்.

"நான் ஒண்ணும் தொடல கலை."

"தொடாமயா ஃபைல் காணாம போவுது?"

நெட்டில் தேடி, அதே பெயருள்ள ஃபைலை ஏதோ ஒரு சைட்டிலிருந்து இறக்கி சிஸ்டம் ஃபோல்டரில் போட்டேன். முதல் பெட்டி போய் வேறொரு பெட்டி வந்தது. வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். "உங்களுக்கு மவுசையே ஒழுங்காப் பிடிக்கத் தெரியல" என்று அவர்மேல் எரிந்து விழுந்துவிட்டு, முகூர்த்தப் பத்திரிகை வேலை கிடக்கிறதே என்று கடைக்குப் போய்விட்டேன். மத்தியானம் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தால், காலையில் நான் உட்கார்ந்த நாற்காலியில் அன்புக்கரசி.

"இன்னாண்ணா சொல்லுது இது, ஃபைல் இல்லன்னுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணாவாம். இவரும் பக்கத்தில் உட்கார்ந்து காலையிலிருந்து நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார். என்னிடம் மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன்.

என்னைப் பார்த்ததும் அவள், "வாங்கக்கா. காலைல போட்ட அந்த ஒத்த ஃபைல எடுத்துட்டேன். கண்ட சைட்லருந்து இறக்குனா வைரஸும் சேந்து வந்துடும்" என்றாள். "அது தனியா வர்றது இல்லக்கா, ஒரு பேக்கேஜோட வர்றது. புரோகிராம் எழுதுன காலத்துப் பேக்கேஜ விண்டோஸ் கம்பெனி சைட்லருந்தே போடணும். சிஸ்டம் அறுபத்து நாலு பிட்டுதான், ஆனா புரோகிராம் முப்பத்திரண்டு. அதனால முப்பத்திரண்டுதான் போடுறேன்."

போட்டாள். புரோகிராம் திறந்தது. நின்றுகொண்டிருந்த லாரி மேடையில் ஏறியது. அவர் முகத்தில் அத்தனை சிரிப்பை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று.

அவள் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் கேட்டேன். "கட்டின பொண்டாட்டி கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கா. எவளையோ கூப்ட்டா நாலு பேரு இன்னா நெனப்பாங்க? எனக்குத் திரும்ப ஒரு போன் பண்ணக் கூடாதா?"

அவர் டிரைவரிடம் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

"உன்னாண்ட சொன்னா தப்பு என்னுதா ஆயிடுது கலை. அந்தப் பொண்ணாண்ட சொன்னா அது கம்ப்யூட்டரு தப்பாவே இருக்குது."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அடுத்த லாரி வந்ததும் எழுந்து போய்விட்டார்.

இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் என்னைக் கண்டு பயப்படுகிறார் என்பது எனக்குத் தெரியாது. வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தெரிந்திருக்கும். அதுதான் இன்னும் எரிகிறது.